மூன்று சென்டிமீட்டர்

தேனியிலிருந்து திரும்பி வந்து அவர்கள் பைக்கை நிறுத்தியபோது, வேலுச்சாமி அண்ணனின் வலது காதில் ஒரு நீல விளக்கு விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. சுண்டுவிரல் நீளத்தில் கறுப்பாக ஏதோ ஒன்று காதைப் பிடித்துத் தொங்கியது. கேமரா வாங்கப் போனவர்கள் எதற்காகக் காதில் மாட்டிக்கொண்டு வருகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

"என்ன தங்கச்சி அப்படிப் பாக்குற? வயர் இல்லாத ஹெட்செட்டு. போன் பையிலயே கெடக்கும். நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே வண்டி ஓட்டலாம். அடிபொளி சாதனம்."

"கேமரா வாங்குனீகளா, இல்லையா?"

"வாங்காமயா? அதுக்கு ஃப்ரீயாத்தான் இதக் குடுத்தான்."

என் கணவர் சுரேஷ்கண்ணன் வண்டிப் பையிலிருந்து பெட்டியை எடுத்து நீட்டினார். பெட்டியின் முகப்பில் 12 என்ற எண் என் உள்ளங்கை அகலத்துக்கு அச்சாகியிருந்தது. அதன் மேலிருந்த கம்பெனிப் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை.

"நான் எழுதிக் குடுத்த சீட்டக் கடையில காட்டுனீங்களா?"

அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சீட்டு அங்கேதான் இருந்தது. காலையில் நான் நாலாக மடித்துக் கொடுத்தபடியே, மடிப்புக் கலையாமல் இருந்தது.

அந்த மடிப்பைப் பார்த்த நிமிஷத்தில் எனக்குள் ஏறியதைக் கோபம் என்று அப்போது நான் சொல்லியிருக்க மாட்டேன். அப்போது காது மட்டும் அடைத்தது. பெட்டியை வாங்கிக்கொண்டு, இரண்டு பேருக்கும் காப்பி போட உள்ளே போய்விட்டேன். பால் பொங்கி வழிந்த பிறகுதான் அடுப்பை அணைத்தேன்.

சுருளிப்பட்டியில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சை. என் கணவர் கம்பத்தில் சிமெண்டுக் கடையில் வேலை பார்க்கிறார். தோட்டம் என் பொறுப்பு. கவாத்து வெட்டுவது, கொடி கட்டுவது, மருந்தடிக்க ஆள் விடுவது எல்லாம் நான்தான். போன வருஷம் இதே ஆடிச் சாரலில் இலையில் மஞ்சள் திட்டு விழுந்தது. உரக்கடைக்காரர் சாம்பல் நோய் என்றார். அவர் கொடுத்த கந்தகத்தை இரண்டு முறை அடித்தேன். அது சாம்பல் நோய் இல்லை, அடிச்சாம்பல். பெயர்தான் பக்கத்தில் பக்கத்தில். மருந்து வேறு. நான் தப்பான மருந்தை அடித்துக்கொண்டிருந்த பத்து நாளில் அது இலையிலிருந்து பிஞ்சுக் குலைக்கு இறங்கிவிட்டது. பந்தல் முழுக்கக் கறுத்துச் சுருங்கிய பிஞ்சுகளை நானும் தோட்ட வேலைக்கு வரும் பஞ்சம்மாளும் கூடை கூடையாகக் கிள்ளி ஓடையில் கொட்டினோம்.

அதற்குப் பிறகு கம்பத்தில் நடந்த விவசாயிகள் கூட்டத்தில் இம்மானுவேல் என்ற திராட்சை ஆராய்ச்சி நிலையத்துக்காரர் பேசினார். இலையைப் பறித்துப் பஸ்ஸில் அனுப்பாதீர்கள், வந்து சேர்வதற்குள் அழுகிவிடுகிறது, கொடியில் இருக்கும்போதே அடிப்பக்கத்தைப் படம் எடுத்து ஈமெயிலில் அனுப்புங்கள், அன்றைக்கே மருந்து சொல்கிறேன் என்றார். நான் என் கணவரின் செல்போனில் ஒன்று எடுத்து, பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அனுப்பினேன். அவரே போனில் கூப்பிட்டார். "அம்மா, கோவிச்சுக்காதீங்க. இது எலையா, சேல முந்தானையா?"

பிறகு ஸ்கூல் டீச்சர் அன்னத்தாய் தன் கேமராவை ஒரு நாள் எனக்குக் கொடுத்தாள். அதில் சின்னதாகப் பூப் படம் போட்ட ஒரு பொத்தான். அதை அமுக்கிவிட்டு இலைக்கு மூன்று சென்டிமீட்டர் வரை கிட்டத்தில் போகலாம். நரம்பு நரம்பாக, மயிர் மயிராக, இலை திரையில் எழுந்து வந்தது. இதுநாள்வரை நான் பார்த்ததெல்லாம் தூரத்திலிருந்து பார்த்ததுதான் என்று தோன்றியது. அன்னத்தாய்க்குத் திண்டுக்கல்லுக்கு மாற்றலானபோது அந்த கேமராவின் பெயரையும் நம்பரையும் கேட்டு எழுதி வைத்துக்கொண்டேன். ஒரு வருஷம் பால் ஊற்றிச் சேர்த்த காசு. சீட்டில் மூன்று வரிதான் எழுதியிருந்தேன்: கேமராவின் நம்பர். பூப் படப் பொத்தான் இருக்கணும். மூன்று சென்டிமீட்டரில் எடுக்கணும்.

காப்பியை ஆற்றிக் குடித்துக்கொண்டே வேலுச்சாமி அண்ணன் எனக்குப் பாடம் எடுத்தார். அவர் என் நாத்தனார் செல்வமணியின் கணவர். எர்ணாகுளத்தில் ஒரு டிவிக் கடையின் குடோனில் மூன்று வருஷம் பெட்டி அடுக்கியவர். அதனால் எங்கள் சொந்தத்தில் யார் மிக்சி வாங்கினாலும் அவர்தான் வர வேண்டும்.

"நீ கேட்டது எட்டு மெகாபிக்சல். இது பன்னெண்டு. எட்டு பெருசா, பன்னெண்டு பெருசா? சொல்லு பாப்போம்."

"எனக்குப் பெருசா வேண்டாம்ணே. கிட்டக்க எடுக்கணும்."

"கிட்டக்க என்னத்த எடுக்கப் போற? எறும்பையா?" அவர் சிரிக்க, என் கணவரும் சிரித்தார். சிரிப்பு நின்ற பிறகு என் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு டம்ளருக்குள் பார்த்தார்.

நான் பெட்டியின் ஒட்டுத்தாளில் நகத்தை வைத்தேன். பிரித்துப் பார்த்துவிடலாம் என்றுதான். மாமியார் முருகம்மாள் அடுப்படி வாசலிலிருந்து ஒரே சத்தம்.

"ஏ, ஆடி மாசத்துல புதுசப் பிரிக்காத! அப்படியே சாமிகிட்ட வையி."

"ஆடியிலதான வாங்கியிருக்காக அத்த."

"தள்ளுபடிக்கு வாங்கலாம். பிரிக்கக் கூடாது. ஆவணி ஒண்ணாந் தேதி நல்ல நேரம் பாத்துப் பிரிப்போம். ஒன்னோட கிரைண்டரும் அப்படித்தான இருந்துச்சு?"

ஆமாம். எங்கள் பக்கத்தில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான். ஆடித் தள்ளுபடியில் வாங்கிய சேலை மடிப்புக் கலையாமல் பீரோவில் கிடக்கும், குக்கர் அட்டைப்பெட்டியோடு பரணில் கிடக்கும். ஆவணி பிறந்ததும் எல்லா வீட்டிலும் ஒரே நாளில் பெட்டி பிரிப்பார்கள். நானும் அதைச் செய்தவள்தான். அன்றைக்குத்தான் அது எவ்வளவு முட்டாள்தனம் என்று பட்டது.

"அப்ப அண்ணன் காதுல மாட்டியிருக்காரே, அது?" என்று கேட்டேன்.

"அது காசு குடுத்து வாங்குனதா? சும்மா வந்தது. சும்மா வந்ததுக்கு ஆடி என்ன, மார்கழி என்ன?" என்றார் அத்தை.

எவ்வளவு தெளிவான சட்டம். என் காசில் வாங்கியதற்கு ஆடி உண்டு. அதோடு ஒட்டிக்கொண்டு வந்ததற்கு ஆடி கிடையாது. அது அவர் காதில் அன்றைக்கே மின்னலாம். என்னுடையது ஒரு மாதம் சாமிக்கு முன்னால் இருட்டில் கிடக்க வேண்டும். அத்தை பெட்டியை வாங்கி, அதன் நெற்றியில் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்து, முருகன் படத்துக்குக் கீழே சாய்த்துவிட்டார்.

மறுநாள் காலையில் விளக்கேற்றும்போது பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். பக்கவாட்டில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் போட்டிருந்தது. குவியம் மாற்ற முடியாத கேமரா. ஒன்றரை மீட்டருக்கு அப்பால் உள்ளதுதான் தெளிவாக விழும். ஒன்றரை மீட்டர் என்றால் கிட்டத்தட்ட என் உயரம். பெட்டியைப் பிரிக்காமலே தெரிந்துவிட்டது, இது எனக்கு ஆகாது. பில் பெட்டியில் ஒட்டியிருந்தது. அதன் அடியில் இன்னும் பொடியாக ஒரு வரி: ஏழு நாட்களுக்குள் மட்டுமே மாற்றித் தரப்படும். இலவசப் பொருள்களும் திருப்பித் தரப்பட வேண்டும்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், பல் விளக்கிக்கொண்டிருந்த என் கணவரின் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இதப் படிங்க."

படித்தார். "ஆவணியில பிரிச்சுப் பாப்போம் அனு. சரியில்லேன்னா மாத்திக்கிருவோம்."

"ஏழு நாளுன்னு போட்டிருக்கு. ஆவணி வர இன்னும் நாலு வாரம் கெடக்கு."

"மச்சானுக்கு அங்கன ஆள் தெரியும்."

"ஆள் தெரிஞ்சா சட்டத்த மாத்திருவாகளா? ஹெட்செட்டயும் திருப்பிக் குடுக்கணும்னு போட்டிருக்கு. அதுக்கும் அவருக்கு ஆள் தெரியுமா?"

அவர் வாயைக் கொப்பளித்துத் துப்பினார். "மச்சான் காதுல போட்டுட்டாரு. அதப் போயி எப்படிக் கேக்குறது?"

அவ்வளவுதான் அவருக்கு. என் கணவர் கெட்டவர் இல்லை. என்னைக் கைநீட்டி அடித்தது இல்லை, குடி இல்லை. ஆனால் அவரால் சொல்ல முடியாத வார்த்தைகள் சில இருந்தன. அந்த வார்த்தைகள் எல்லாமே எனக்காகச் சொல்ல வேண்டியவை. அன்று கொடி கட்டிக்கொண்டே அவரைத் திட்டித் தீர்த்தேன், மனசுக்குள். திட்டி முடித்த பிறகும் கோபம் குறையாததால், அது வேறு யார் மேல் என்று தேடினேன்.

சீட்டைக் கொடுத்த காலையில் அவர் கேட்டார், "நீயும் வர்றியா?" என்று. தோட்டத்தில் ஆள் விட்டிருக்கிறேன், நீங்களே பார்த்து வாங்கி வாருங்கள் என்று சொன்னவள் நான்தான். ஆள் விட்டது உண்மை. ஆனால் பஞ்சம்மாள் பார்த்துக்கொள்வாள், அதுவும் உண்மை. அந்தக் கண்ணாடிக் கடையில், டை கட்டிய பையன்களுக்கு நடுவில், பேசத் தெரியாமல் நிற்கக் கூச்சமாக இருந்தது. அது மட்டும் இல்லை. 'அனுசுயா எதிலயும் தலையிட மாட்டா, வீட்டு ஆம்பளைக சொல்றதுதான்' என்று செல்வமணி மதினி நாலு பேர் மத்தியில் சொல்லும்போது எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் உண்டு. பதினொரு வருஷமாகச் சேர்த்த நல்ல பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள நான் கொடுத்த விலை அந்தப் பெட்டி. என் மேல் வந்த கோபம்தான் எல்லாவற்றிலும் சூடாக இருந்தது. அதை யார் மேலும் இறக்கிவைக்க முடியவில்லை.

ஐந்தாம் நாள் பஞ்சம்மாள் கூப்பிட்டாள். "ஆத்தா, இங்கன வந்து பாரு."

வடகிழக்கு மூலையில், ஓடைக்கரையை ஒட்டிய நாலாவது வரிசை. நிமிர்ந்து பார்த்தால் இலைகளில் எண்ணெய் சிந்தியது போல மஞ்சள் திட்டுகள். பத்துப் பதினைந்து இலைகள் இருக்கும். இரண்டு நாளாக விடாத சாரல். பிஞ்சு இப்போதுதான் மிளகு அளவுக்கு வந்திருந்தது.

"போன வருசம் வந்த அதேதான்," என்றாள்.

"அதேதானான்னு தெரியல. அடிச்சாம்பல்னா அடிப்பக்கத்துல வெள்ளை படியணும். இன்னும் ஒண்ணும் காணோம்."

"நீதான் போட்டாப் பொட்டி வாங்கியிருக்கியே. அதுல பாத்துச் சொல்லு."

"அது ஒன்றரை மீட்டர் தள்ளி நின்னாத்தான் எடுக்கும்."

பஞ்சம்மாள் பந்தலை நிமிர்ந்து பார்த்தாள், தரையைப் பார்த்தாள். "அப்ப மல்லாக்கப் படுத்துக்கிட்டு எடுக்கணுமாக்கும்? நல்ல பொட்டி வாங்கிட்டு வந்தாக போ, ஒங்க வீட்டு ஆம்பளைக."

இம்மானுவேலுக்குப் போன் செய்தேன். பொறுமையாகக் கேட்டார். "மஞ்சள் திட்டுன்னா மூணு நாலு காரணம் இருக்குதும்மா. அடிச்சாம்பலா இருந்தா மூணு நாளைக்குள்ள மருந்து விழணும். வேற நோயா இருந்தா அந்த மருந்து வீண், காயும் கெட்டுப்போகும். அதிகாலையில அடிப்பக்கம் எடுத்து அனுப்புங்க. கிட்டக்க எடுத்து."

எல்லோரும் என்னிடம் கேட்பது அந்த ஒரே தூரத்தைத்தான். அந்தத் தூரத்துக்குப் போக முடியாமல் முருகன் படத்துக்குக் கீழே ஒரு பெட்டி சந்தனம் காய்ந்து உட்கார்ந்திருந்தது.

அன்று சாயங்காலம் என் கணவரிடம் மறுபடி சொன்னேன். மறுநாளும் சொன்னேன். "உரக்கடைக்காரர்ட்ட ஒரு வார்த்த கேப்போமே," என்றார். போன வருஷக் கந்தகத்தின் நாற்றம் என் மூக்கில் ஏறியது. "ஒங்க மச்சான்கிட்ட ஒரு வார்த்த கேளுங்க," என்றேன். அவர் போனை எடுத்தார். வேலுச்சாமி அண்ணனோடு மழையைப் பற்றிப் பேசினார், அக்காவின் முட்டி வலியைப் பற்றிப் பேசினார். ஹெட்செட்டில் பேசினால் சத்தம் நல்லாக் கேக்குது மச்சான் என்று சொல்லிவிட்டு வைத்தார்.

ஏழாம் நாள் காலை அவர் கடைக்குப் போனதும் நான் சாமி அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்தேன். அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் எழுந்து வந்துவிட்டார்.

"எங்கடி அதத் தூக்குற?"

"கடைக்கு. மாத்தப் போறேன்."

"சாமிக்கு முன்னாடி வச்சதத் திருப்பிக் குடுக்குறதா? விளங்குமா?"

"சாமிக்கு எந்த கேமரான்னு தெரியாதா அத்த? அவர் ஒண்ணும் பன்னெண்டுதான் பெருசுன்னு சொல்ல மாட்டாரு."

அத்தையிடம் அப்படி நான் பேசியதே இல்லை. என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. வாசலைத் தாண்டும்போது முதுகுக்குப் பின்னால், "ஏ முருகா, இவளுக்கு என்ன வந்துச்சு" என்பது கேட்டது. திரும்பவில்லை.

கம்பத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து தேனிப் பஸ். பழனிசெட்டிபட்டியிலேயே இறங்கிவிட்டேன். வேலுச்சாமி அண்ணன் வீடு அங்கேதான். இப்போது மனை விற்றுக் கொடுக்கும் தரகு பார்க்கிறார். கதவு திறந்திருந்தது. கையில்லாத பனியனோடு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, கையை ஆட்டி ஆட்டி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். காதில் நீல விளக்கு. என்னைப் பார்த்ததும் நிற்கச் சொல்லி விரலைக் காட்டினார்.

நின்றேன். ஐந்து நிமிஷம் இருக்கும். "கெழக்குப் பாத்த மனை சார்... தண்ணி இருவதடியில... இல்ல சார், யாரும் இல்ல, வீட்டு ஆளுதான்."

யாரும் இல்லை, வீட்டு ஆள்தான். அந்தச் சொல் என்னை ஒன்றும் செய்யவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பெட்டியை அவருக்கு முன்னாலிருந்த டீப்பாயில் வைத்தேன். சத்தமாகவே வைத்தேன்.

"அண்ணே, அந்த ஹெட்செட்டக் குடுங்க. கேமராவ மாத்தப் போறேன். இன்னைக்குத்தான் கடைசி நாளு. இலவசத்தையும் சேத்துக் குடுத்தாத்தான் எடுப்பாகளாம்."

அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏ செல்வமணி, ஒன் தம்பி பொண்டாட்டி வந்து என்ன கேக்குதுன்னு பாரு!"

மதினி ஈரக் கையோடு வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் முகம் சுருங்கியது. "என்னடி இது, ஆம்பள காதுல கெடக்குறதக் கேட்டு இம்புட்டுத் தூரம் வந்திருக்க? தம்பி அனுப்புனானா?"

"இல்ல மதினி. நானாத்தான் வந்தேன்."

"அவன்கிட்டக்கூடச் சொல்லாமயா?"

"ஆறு நாளாச் சொன்னேன். கேமரா தோட்டத்துக்கு. நோய் விழுந்திருக்கு. இந்த கேமராவுல அது தெரியாது."

"ஒனக்குத் தெரியாதுன்னு சொல்லு," என்றார் வேலுச்சாமி அண்ணன். "கடைக்காரனே ஏ ஒன் பீஸுன்னான். பத்துப் பேர் கேட்டு நிக்குறான். நான் எர்ணாகுளத்துல பாக்காத கேமராவா? எலக்ட்ரானிக்ஸ் பொம்பளைக விசயம் இல்ல தங்கச்சி. போ, போயி அக்காகூடக் காப்பி குடிச்சிட்டுக் கெளம்பு."

"காப்பி வேண்டாம். அதக் குடுங்க."

அவர் சிரித்தார். மதினியைப் பார்த்துச் சிரித்தார். பிறகு நாற்காலியில் முன்னால் சாய்ந்து, வலது காதை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "வேணும்னா நீயே கழட்டிக்க."

அவருக்குத் தெரியும், நான் தொட மாட்டேன் என்று. நாத்தனார் புருஷன் எதிரில் நான் இதுவரை சரியாக உட்கார்ந்தது கூட இல்லை. அவர் சாப்பிட்ட தட்டை எடுத்திருக்கிறேன், அவர் கைக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன், அவர் விரல் என் விரலில் பட்டதில்லை. அந்த விலகலை நான் மரியாதை என்று நினைத்துக் கொடுத்துவந்தேன். அதை அவர் எனக்குப் போட்ட வேலியாக எண்ணியிருக்கிறார் என்பது, அந்தக் காது என் முன்னால் நீட்டப்பட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது.

இரண்டு விரலால் அதைப் பிடித்து இழுத்தேன். தோலில் படவில்லை. கொஞ்சம் வெதுவெதுப்பாக, ஒட்டிக்கொண்டு, சட்டென்று கையோடு வந்தது. அதற்குள் ஒரு பொடிக் குரல் கத்திக்கொண்டிருந்தது. "சார்? லைன்ல இருக்கீகளா சார்?"

"இல்ல," என்றேன் அதற்குள்.

மதினி வாயில் கையை வைத்துக்கொண்டாள். வேலுச்சாமி அண்ணன் எழுந்துவிட்டார். அடிப்பாரோ என்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்தும் நகரவில்லை. அவருடைய கை காதைத் தடவிப் பார்த்தது, அங்கே ஒன்றும் இல்லை.

"ஏலே சுரேசு, பொண்டாட்டிய இப்படி அவுத்துவிட்டிருக்கியேடா," என்று இல்லாத என் கணவரிடம் கத்தினார். "இனி ஒங்க வீட்டு நல்லது கெட்டதுக்கு நான் வந்தா என்னய என்னன்னு கேளு!"

"சார்ஜரும் வேணும்ணே. அதோட அட்டைப்பெட்டியும்."

மதினி உள்ளே போய் எடுத்துவந்து டீப்பாயில் போட்டாள். "கொண்டு போ. எல்லாத்தையும் கொண்டு போ." அவள் கண் கலங்கியிருந்தது. புருஷனுக்காகவா, தம்பிக்காகவா என்று தெரியவில்லை. எனக்காக இல்லை.

தேனிக் கடையில் கழுத்தில் டை கட்டிய பையன், என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தான். "சார் வண்டிய நிறுத்திட்டு வர்றாரா மேடம்?"

"சார் வரல. நான்தான் வந்திருக்கேன்."

பெட்டியைப் புரட்டினான். "பாக்ஸ்ல பொட்டு வச்சிருக்கீங்களே. ஹெட்செட்டும் யூஸ் பண்ணியிருக்கு. எடுக்க மாட்டாங்க மேடம்."

"யாரு எடுக்க மாட்டாக? கூப்பிடுங்க அவுகள."

மேனேஜர் வந்தார். அவரும் வாசலைப் பார்த்தார். நான் பில்லை மேசையில் வைத்து, அடிவரியில் விரலை வைத்து, உரக்கப் படித்தேன். ஏழு நாட்களுக்குள். இலவசப் பொருள்களும். "பொட்டு வச்சா எடுக்க மாட்டோம்னு இதுல எங்கன போட்டிருக்கு? காதுல மாட்டக் கூடாதுன்னு எங்கன போட்டிருக்கு? காட்டுங்க." பக்கத்தில் ஃப்ரிட்ஜ் பார்த்துக்கொண்டிருந்த குடும்பம் திரும்பியது. அந்தக் கடையில் வாய் திறக்கத்தான் நான் கூசினேன் என்பது நினைவுக்கு வந்து, இன்னும் சத்தமாகப் படித்தேன். மேனேஜர் ஈரத்துணி கொண்டுவரச் சொன்னார். அத்தை வைத்த சந்தனம் இரண்டே தேய்ப்பில் போய்விட்டது.

நான் எழுதியிருந்த கேமரா கண்ணாடி அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது. ஆறு நாளுக்கு முன்னாலும் அங்கேதான் இருந்திருக்கும். என் கணவர் குனிந்திருந்தால் பார்த்திருக்கலாம்.

"பேக் பண்ணிரவா மேடம்?"

"பிரிங்க. பாத்துட்டுத்தான் எடுப்பேன்."

"ஆடியாச்சே. எல்லாரும் பிரிக்காதீங்கன்னுதான் சொல்வாங்க."

"பிரிங்க தம்பி."

பேட்டரி போட்டு, பூப் படத்தை அமுக்கி, பில்லின் அடிவரிக்கு மேலே கேமராவைக் கொண்டுபோனேன். 'ஏழு' என்ற சொல் திரை முழுக்க நின்றது. மை பரவிய இடம்கூடத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்தபோது என் கணவர் கடையிலிருந்து சீக்கிரமே வந்து உட்கார்ந்திருந்தார். அத்தை அழுது முடித்த முகத்தோடு இருந்தார். போனில் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டது என்று தெரிந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?" என்றார்.

"சொன்னேன்."

"காதுல கை வச்சியாமே."

"வைக்கச் சொன்னாரு, வச்சேன்."

"அக்கா இனிமே வர மாட்டாளாம்."

"மஞ்சத் திட்டு இன்னைக்கு எத்தன இலைக்குப் போயிருக்குன்னு கேளுங்க. அத ஒருத்தராவது கேளுங்க."

அவர் எழுந்து போய்ச் சட்டையை மாற்றினார்.

மறுநாள் விடிந்ததும் தோட்டத்துக்குப் போனேன். சாரல் விட்டிருந்தது. நாலாவது வரிசையில் இலைகளுக்கு அடியில் போய் நின்று, கேமராவை மேலே உயர்த்திப் பூப் படத்தை அமுக்கினேன். எடுத்தது மங்கல். மறுபடி எடுத்தேன், மங்கல். ஆறேழு படம் எடுத்தும் ஒன்றுகூட நிற்கவில்லை. கேமராவில் குறையில்லை. என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அந்தக் காது, டம்ளருக்குள் பார்த்த முகம், சிரிப்பு, நல்ல பெயருக்காகத் தலையாட்டிய என் பதினொரு வருஷம், எல்லாம் என் மணிக்கட்டில் இருந்தது. மூன்று சென்டிமீட்டரில் அவ்வளவும் தெரியும் போலிருக்கிறது.

"என்னாத்தா கை இப்படி ஆடுது? காப்பி குடிக்கலையா?" என்றாள் பஞ்சம்மாள்.

"கோவம்."

"கோவத்த வீட்டுல வச்சிட்டு வரக் கூடாதா?"

"வீட்டுல வச்சா அவுக பிரிச்சுப் பாக்க மாட்டாக பஞ்சம்மா. ஆவணி வரைக்கும் கெடக்கும்."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொடியைத் தாங்கும் கல்தூணில் என் முழங்கையை ஊன்றினேன். தூண் ஈரமாக, அசையாமல் இருந்தது. பஞ்சம்மாள் இலையின் காம்பைப் பிடித்துக்கொண்டாள். மூச்சை அடக்கிக்கொண்டு அமுக்கினேன்.

மஞ்சள் திட்டுக்கு நேர் அடியில், நரம்புகளுக்கு நடுவே, பஞ்சை உதறியது போல வெள்ளை இழைகள். கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் நூறு நூறாக நின்றன. கோபம் இருந்த இடத்திலேயே இருந்தது. கை மட்டும் ஆடவில்லை.

பிரவுசிங் சென்டர் ஒன்பது மணிக்குத் திறக்கும். அதற்குள் இன்னும் பத்து இலையாவது எடுக்க வேண்டும்.

"அடுத்ததப் பிடி," என்றேன்.